ஒட்டாத நோயும் ஒட்டாத மனிதரும்

2013ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பாடசாலையில் புதிய தவணை தொடங்கி இரண்டாம் நாள். ஆறாந் தர மாணவர்களுக்கு இஸ்லாம் பாடம் எடுக்க வகுப்பறைக்குச் சென்றேன். முதல் நாள் பாடத்தின் முடிவில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஸலாம் கூறி, முஸாபஹாச் செய்து, பெயரையும் வாப்பாவின் தொழிலையும் கேட்டறிந்து கொள்வது எனது நீண்ட நாள் வழக்கம். வரிசையாக வந்த பிள்ளைகள் சிரித்த முகத்துடன் கை கொடுத்து விட்டுச் சென்றனர். கடைசி வாங்கில் தனியாக அமர்ந்திருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து வரவில்லை. நீளக்கைச் சட்டை அணிந்து, கழுத்து வரை பொத்தான் பூட்டியிருந்தான். நானே அவனிடம் சென்றேன்.

அவன் கையை நீட்டினான். புறங்கை முழுவதும் மீன் செதிள் போன்று கபில நிறத்தில் தடித்த தோல். விரல் மடிப்புகளில் வெடிப்பு. உண்மையைச் சொல்லி விடுகிறேன். நீட்டிய எனது கை பாதி வழியில் நின்று விட்டது. ஒரு கணந்தான். ஆனால் அந்த ஒரு கணத்தை அவன் கண்டு கொண்டான். இப்படி எத்தனையோ கைகள் நின்றதை அவன் பார்த்திருக்க வேண்டும்.

"ஒட்டாது மௌலவி சேர். டொக்டர் சொன்னாரு. துண்டும் இருக்கு" என்று சொல்லிக் கொண்டே, சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்து போன ஒரு காகிதத்தை எடுத்தான். இது தொற்று நோயல்ல என்று வைத்தியர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் அது.

அன்பின் வாசகர்களே! ஸலாத்துக்குப் பதிலாக ஒரு கையைப் பெற்றுக் கொள்வதற்குப் பதினொரு வயதுப் பிள்ளையொன்று சான்றிதழ் சுமந்து திரிகிறது. அரபுக் கல்லூரியில் ஆண்டுக் கணக்கில் கிதாபு ஓதிய எனக்கு அந்தப் பிள்ளை அன்று ஓதித் தந்த பாடத்தை எந்தக் கிதாபிலும் நான் படித்திருக்கவில்லை. இந்த நோய்கள் உடலில் இருந்து பறித்துக் கொள்வது ஒரு பங்கு. வாழ்வில் இருந்து நாம் பறித்துக் கொள்வது மற்றொரு பங்கு. முதலாவதை வைத்தியர்கள் பார்த்துக் கொள்வர். இரண்டாவதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

இது என்ன நோய்?

நமது மேற்றோலின் வெளிப்படையை வைத்தியர்கள் ஒரு செங்கல் மதிலுக்கு ஒப்பிடுவர். காய்ந்து தட்டையான கலங்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு சாந்து. அடியில் இருந்து புதிய கலங்கள் மேலெழுந்து வர, ஏறத்தாழ நான்கு வாரங்களில் பழையவை கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்து போகின்றன. நாம் அறியாமலே அல்லாஹ் நம்மை ஒவ்வொரு மாதமும் புதுத் தோலால் போர்த்துகிறான்.

இந்த மதிலைக் கட்டுவதற்குத் தேவையான ஏதாவதொரு புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகில் பிழை ஏற்பட்டால், பழைய கலங்கள் உரிய முறையில் உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து செதிளாகி விடுகின்றன. மதிலும் பலவீனப்படுவதால் உடலின் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. கிருமிகள் இலகுவாக உட்புகுகின்றன. இந்நோய்களுக்கு 'இக்தியோசிஸ்' என்று பொதுப் பெயர். கிரேக்க மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. நம் ஊர்களில் 'மீன் செதிள் நோய்' என்றும், சில இடங்களில் இரக்கமின்றிப் 'பாம்புச் சட்டை' என்றும் சொல்கிறார்கள்.

இதில் பல வகைகள் உண்டு. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குக் காணப்படும் சாதாரண வகை இலேசானது. கால்களில் வறட்சியும் சிறு செதிள்களும் இருக்கும். 'பிலாக்ரின்' என்ற புரதத்தின் குறைபாடே இதற்குக் காரணம் என்பது 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே பெரும்பாலும் வருகின்ற இன்னொரு வகை உண்டு. இலட்சம் பேரில் ஒருவர் என்னும் அளவுக்கு மிக அரிதானது 'லமெல்லார்' வகை. அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே மெழுகுத் தாள் சுற்றியது போன்ற ஒரு சவ்வுக்குள் பிறப்பார்கள். சில வாரங்களில் அது உரிந்து, பின்னர் உடல் முழுவதும் தட்டுத் தட்டாகச் செதிள் படியும். எமது மாணவனுக்கு இருந்தது இந்த வகையே.

இது காற்றால், தண்ணீரால், தொடுவதால், ஒரே கோப்பையில் குடிப்பதால் பரவாது. அழுக்கினால் வருவதுமல்ல. கர்ப்பிணித் தாய் கிரகணம் பார்த்ததாலோ, குறிப்பிட்ட மீனைச் சாப்பிட்டதாலோ, யாருடைய கண்ணூறாலோ, ஜின்னின் பார்வையாலோ வருவதுமல்ல. தாயோ தந்தையோ செய்த பாவத்துக்குத் தண்டனையாகப் பிள்ளையின் தோலில் எழுதப்பட்டதும் அல்ல. ஒருவர் சுமையை இன்னொருவர் மீது அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்லும் உண்மையல்லவா?

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

சில நாட்களின் பின் அந்தப் பையனின் உம்மா பாடசாலைக்கு வந்தார். அவர் கூறியவற்றைக் கேளுங்கள்.

பஜ்ருக்கு முன்பே அவர் எழும்பி விடுவார். மகனை நீரில் நன்றாக ஊற வைக்க வேண்டும். ஊறிய செதிள்களை மென்மையான துணியால் பைய உரசி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள், சில நிமிடங்களுக்குள்ளேயே, உடல் முழுவதும் களிம்பு பூசி விட வேண்டும். காய்ந்த பின் பூசினால் பயன் குறைவு. இதற்கு மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். பாடசாலை விட்டு வந்ததும் இன்னொரு முறை, உறங்கும் முன் இன்னொரு முறை. ஒரு மாதத்துக்குக் கிலோக் கணக்கில் களிம்பு வேண்டும். சட்டை, தலையணை உறை, படுக்கை விரிப்பு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டும். காலையில் பாயை உதறினால் ஒரு கை நிறையச் செதிள்.

அடுத்தது வெப்பம். செதிள்கள் வியர்வைத் துவாரங்களை அடைத்து விடுவதால் இந்தப் பிள்ளைகளுக்கு வியர்க்காது. வியர்க்காத உடல் குளிர முடியாது. நமது நாட்டு வெயிலில் இது விளையாட்டான காரியமல்ல. விளையாட்டுப் பாடத்தில் மற்றப் பிள்ளைகள் வியர்வை வழிய ஓடி மகிழும்போது, இந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்து, தலை சுற்றி, காய்ச்சல் போல உடல் கொதிக்கும். சென்ற பாடசாலையில் ஓர் ஆசிரியர் இதைச் சோம்பல் என்று எண்ணி மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தாராம். பிள்ளை மயங்கி விழுந்த பிறகே விளங்கிக் கொண்டாராம்.

கண்ணின் கீழிமை வெளிப்புறமாக இழுபடுவதால் உறங்கும் போதும் கண் முழுமையாக மூடாது. ஈரப்பதம் தரும் சொட்டு மருந்து விடாவிட்டால் கருவிழி காய்ந்து பார்வையே பாதிக்கப்படலாம். காதுத் துவாரத்தில் செதிள் நிரம்பிக் கேட்காமல் போகும். வகுப்பில் கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளையை மந்த புத்தி என்று சொல்லி விடுகிறோம். வைத்தியரிடம் காட்டிச் சுத்தம் செய்தால் அன்றே நன்றாகக் கேட்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் பிள்ளை மெலிந்தே இருக்கும். ஓயாமல் தோலை ஆக்குவதற்கே உடலின் சக்தி செலவாகி விடுகிறது. ஆகவே இவர்களுக்குச் சத்துள்ள உணவு மற்றவர்களை விடக் கூடுதலாக வேண்டும்.

இவற்றையெல்லாம் நிதானமாகச் சொல்லி வந்த அந்தத் தாயின் கண் எப்போது கலங்கியது தெரியுமா? "களிம்பு பூசுறது எனக்குப் பாரமில்ல மௌலவி. கலியாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, இவன் கை போட்ட ஸஹன்ல ஒருத்தரும் கை போட மாட்டாங்க. அதத்தான் தாங்க ஏலாம இருக்கு" என்றபோதுதான்.

தொட்டால் கொப்பளிக்கும் தோல்

இவ்வாறான பரம்பரைத் தோல் நோய்கள் வேறும் உண்டு. அவற்றில் மிகக் கடினமானது 'எபிடர்மோலிசிஸ் புல்லோசா' என்பது. மேற்றோலையும் அதன் கீழுள்ள தோலையும் பிணைத்து வைக்கும் புரதம் குறைவதால், சட்டையின் தையல் உரசினாலும் தோல் கொப்பளித்துக் கழன்று விடும். வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற தோல் என்பதால் மேலை நாடுகளில் இவர்களை 'வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள்' என்பர். காயத்துக்குக் கட்டு மாற்றுவதே இவர்களின் அன்றாட வாழ்க்கை. கடுமையான வகையில் தொண்டைக் குழாயிலும் கொப்புளம் வரும். 1978இல் இங்கிலாந்தில் இந்நோய் கொண்ட ஒரு மகளின் தாய் தொடங்கிய சிறு அமைப்பு 'டெப்ரா' என்ற பெயரில் இன்று பல நாடுகளில் இயங்கி வருகிறது. ஒரு தாயின் கண்ணீர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது சான்று.

2015ஆம் ஆண்டில் ஜேர்மனியின் போகும் நகர வைத்தியசாலைக்கு, சிரியாவில் இருந்து அகதியாக வந்த குடும்பத்தின் ஏழு வயதுப் பிள்ளை கொண்டு வரப்பட்டது. உடலின் பெரும் பகுதியில் தோல் இல்லை. உயிர் பிழைக்காது என்றே கருதப்பட்டது. இத்தாலியின் மொடெனா பல்கலைக்கழக அறிஞர்கள் அவனது உடலில் எஞ்சியிருந்த தோலில் இருந்து சிறு துண்டை எடுத்து, பரம்பரை அலகின் பிழையைத் திருத்தி, ஆய்வுகூடத்தில் தோலை வளர்த்துக் கொடுத்தனர். உடலின் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தத் தோலால் மூடப்பட்டது. பிள்ளை பாடசாலைக்குச் சென்றான், பந்து விளையாடினான். 2017இல் இந்தச் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறக்கவில்லை என்ற நபிமொழியின் கருத்தை இவ்வாறான செய்திகள் நமக்கு நினைவூட்டுகின்றன. எனினும் இத்தகைய சிகிச்சை இன்னும் மிக மிகச் சிலருக்கே கிட்டியுள்ளது. ஏனையோருக்கு இன்றும் களிம்பும் கட்டும் பொறுமையுமே மருந்து.

வாழ்வை அளக்கும் பத்துக் கேள்விகள்

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. தோல் நோயாளியின் வாழ்வு எவ்வளவு குன்றியிருக்கிறது என்பதை எதனால் அளப்பது? பிரிட்டனின் கார்டிப் நகரைச் சேர்ந்த பின்லே என்ற தோல் நோய் நிபுணரும் கான் என்பவரும் 1994இல் இதற்காகப் பத்துக் கேள்விகளை வெளியிட்டனர். ஒவ்வொரு கேள்விக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. மொத்தம் முப்பது. புள்ளி கூடக் கூட வாழ்வு அவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பது பொருள். உலகெங்கும் இன்று வைத்தியர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

அந்தக் கேள்விகளைப் பார்த்த போது ஒன்று எனக்கு விளங்கியது. முதலாவது கேள்விதான் அரிப்பும் வலியும் பற்றியது. ஏனையவை என்ன? கடந்த வாரம் உங்கள் தோலை எண்ணி வெட்கப்பட்டீர்களா? கடைக்குப் போவதைத் தவிர்த்தீர்களா? விரும்பிய உடையை அணிய முடியாமற் போனதா? விருந்துக்கும் விளையாட்டுக்கும் போனீர்களா? படிப்பு, தொழில் தடைப்பட்டதா? வாழ்க்கைத் துணையோடும் நண்பர்களோடும் சிக்கல் ஏற்பட்டதா? இப்படியே செல்கின்றன. அதாவது, பெரும்பாலான கேள்விகளுக்குரிய விடை நோயாளியின் தோலில் இல்லை. அயலவரின் முகத்தில் இருக்கிறது.

2007இல் அதே கார்டிப் அறிஞர்கள் குடும்பத்தவருக்கென்றும் ஒரு வினாத்தாள் ஆக்கினர். நோயாளி ஒருவர் என்றாலும் நோயைச் சுமப்பது முழுக் குடும்பமுமே என்பதை வைத்திய உலகம் ஏற்றுக் கொண்டது. உறக்கம் இழந்த உம்மா, கூடுதல் வேலை தேடும் வாப்பா, பெண் பார்க்க வருபவர்கள் கேட்கக் கூடும் என்று அஞ்சும் ராத்தா என எல்லோருமே அந்தக் கணக்கில் அடங்குவர்.

விலகச் சொன்ன ஹதீஸும் அணைத்துக் கொண்ட கரங்களும்

"குஷ்ட நோயாளியை விட்டு விலகியிருக்கும்படி ஹதீஸ் இருக்கிறதே மௌலவி" என்று சிலர் கேட்கின்றனர். ஆம், புகாரியில் இருக்கிறது. தொற்றுகின்ற நோயிலிருந்து பேணுதலாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். தொற்றாத நோய்க்கு அந்த ஹதீஸைக் கொண்டு வருவது, மழைக்குச் சொன்ன சட்டத்தை வெயிலுக்குச் சொல்வது போலாகும். மேலும், குஷ்ட நோய் கூட இன்று மருந்தால் முற்றாகக் குணமாகிறது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றாத நிலையை அடைகிறது. எனவே எவரையும் ஒதுக்கி வைக்க இந்த ஹதீஸை எடுத்துக் கொள்ளாதீர்கள்.

பாலைநிலத்தில் இருந்து மதீனாவுக்குப் பொருள் கொண்டு வந்து விற்கும் ஸாஹிர் (ரழி) என்ற தோழர் ஒருவர் இருந்தார். தோற்றத்தில் அழகு குறைந்தவர் என்று அறிவிப்பிலேயே வருகிறது. ஒரு நாள் அவர் சந்தையில் நின்று விற்றுக் கொண்டிருந்த வேளையில் நபி (ஸல்) அவர்கள் பின்புறமாக வந்து அவரை அணைத்துக் கொண்டார்கள். யாரென்று அறிந்ததும் அவர் தம் முதுகை நபியவர்களின் நெஞ்சோடு இன்னும் நெருக்கமாக ஒட்டிக் கொண்டார். நபியவர்கள் விளையாட்டாக அவரை வாங்குவார் உண்டோ என வினவ, தாம் விலைபோகாத சரக்கு என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடம் அவர் விலை குறைந்தவரல்லர் என்று நபியவர்கள் கூறினார்கள். அஹ்மதிலும் திர்மிதியின் ஷமாயிலிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

சிந்தியுங்கள். நபியவர்கள் தூரத்தில் நின்று அவருக்கு துஆச் செய்து விட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. மக்கள் கூடும் சந்தையில், எல்லோரும் பார்க்க, கட்டியணைத்தார்கள். தம் தோற்றத்தால் தமக்கு மதிப்பில்லை என்று எண்ணியிருந்த ஒருவருக்கு அந்த அணைப்பு எவ்வளவு பெரிய மருந்தாக இருந்திருக்கும்!

வணக்கத்தில் உள்ள இலகு

இந்நோயுள்ளோரும் அவர்களது பெற்றோரும் மார்க்கம் பற்றிப் பல சந்தேகங்களோடு வருகின்றனர். அதற்கும் மேலாக, விபரம் அறியாமல் அவர்களை நெருக்குவோர் பலர். நபியவர்கள் காலத்தில் பயணமொன்றில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கேட்ட அவருக்கு, கூட இருந்தவர்கள் அனுமதியில்லை என்று கூறி விட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நபியவர்கள் கடுமையாகக் கோபமுற்று, அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா எனக் கண்டித்தார்கள். அபூதாவூதில் இது வருகிறது. ஆகவே நமது ஷாபிஈ மத்ஹபின்படி சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

உதிர்கின்ற செதிள் நஜீஸ் அல்ல. தொழுகைப் பாயில் விழுந்தால் பாயும் அசுத்தமாகாது. பக்கத்தில் தொழுபவரின் தொழுகைக்கும் குறைவில்லை. உடலோடு ஒட்டியிருக்கும் செதிளை வுளூவுக்காக உரித்தெடுக்க வேண்டியதில்லை. அது அவரது தோலே. களிம்பின் எண்ணெய்த் தன்மை மட்டும் இருந்து, நீர் தோலின் மேல் ஓடினால் வுளூ நிறைவேறும். தடித்த படையாக இருந்தால் துடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். வுளூச் செய்த பின் களிம்பு பூசிக் கொள்வது எல்லா வகையிலும் இலகு. தோல் கழன்று காயமாகி நீர் பட்டால் தீங்கு என்று வைத்தியர் கூறினால், நலமான இடத்தைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, தயம்மும் செய்து கொள்ளலாம். காயத்தில் இருந்து இரத்தம் கசிவதால் வுளூ முறியாது.

நோன்பு நோற்றிருக்கையில் தோலில் களிம்பு பூசலாம். கண்ணில் சொட்டு மருந்து விடலாம். காதுச் சொட்டு மருந்தை இரவில் விட வேண்டும். வெப்பம் தாங்க முடியாவிட்டால் தலையிலும் உடலிலும் நீர் ஊற்றிக் கொள்ளலாம். நபியவர்களும் நோன்பிருந்த நிலையில் வெப்பத்தால் தலையில் நீர் ஊற்றியதாக ஹதீஸில் உண்டு. நோன்பால் ஆபத்து என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் விட்டு விட்டுப் பின்னர் கழாச் செய்யலாம். எக்காலமும் இயலாதவர் பித்யாக் கொடுக்கலாம். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல. அதுவும் அல்லாஹ் தந்ததே.

மச்சான் மச்சி உறவும் மறைத்து வைக்கும் வழக்கமும்

இப்பகுதியை வாசிக்கும்போது எவரும் மனம் நோக வேண்டாம். லமெல்லார் போன்ற வகைகளில், தாயும் தந்தையும் இருவரும் பிழையுள்ள அலகில் ஒவ்வொன்றைச் சுமந்திருந்தால் மட்டுமே பிள்ளைக்கு நோய் வரும். சுமந்திருக்கும் இருவரும் முழு ஆரோக்கியமானவர்கள்; தாங்கள் சுமப்பதை அறியவும் மாட்டார்கள். அவர்களது ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டன் பாட்டியின் வழி வந்த மச்சானும் மச்சியும் ஒரே அலகைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இவ்வகை நோய்கள் உறவுத் திருமணங்களில் சற்று அதிகமாகத் தோன்றுகின்றன. உறவில் திருமணம் ஹலால். ஆனால் கட்டாயமல்ல. குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் இருந்தால், மீண்டும் அதே குடும்பத்துக்குள் சம்பந்தம் பேசும் முன் வைத்தியரிடம் ஆலோசிப்பது அறிவுடைமை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் இதற்கான ஆலோசனை பெற முடியும்.

ஆண் பிள்ளைகளுக்கு வருகின்ற வகை தாயின் வழியாக வருவது. அதனை வைத்துத் தாயைக் குற்றம் சொல்லி, மருமகளை வீட்டுக்கு அனுப்பியவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறேன். தன் உடலில் எந்த அலகு இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர் நம்மில் எவர்? அல்லாஹ்வைப் பயந்து கொள்ளுங்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நோயுள்ள பிள்ளையைப் பின்னறையில் பூட்டி வைக்கும் வீடுகள் உண்டு. மறைப்பதால் பிள்ளையின் மனம் முறிகிறது. பின்னர் தெரிய வந்தால் நம்பிக்கையும் முறிகிறது. உண்மையைச் சொல்லி, விபரத்தையும் விளக்குங்கள். இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். லமெல்லார் நோயுள்ள ஒருவர், அந்த அலகைச் சுமக்காத ஒருவரைத் திருமணம் செய்தால் அவர்களது பிள்ளைகளுக்கு அந்நோய் வராது. இவர்களும் கணவராக, மனைவியாக, பெற்றோராக வாழத் தகுதியானவர்களே. ஆனால் கடுமையான செதிள்களுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் 'அசிட்ரெட்டின்' என்ற மாத்திரை கருவிலுள்ள சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும். அதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் தாய்மார் இதனை மறந்து விடக் கூடாது.

கைக்கெட்டிய காரியங்கள்

நமது அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் நோய்ப் பிரிவில் இதற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. சிறு பிள்ளைகளை கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம். பூரண சுகம் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்போரிடம் போகாதீர்கள். வாசனைக் களிம்புகளை விட, விலை குறைந்த வாசனையற்ற வெஸ்லின் பெரும்பாலும் நல்லது. செதிள் கரைக்கும் சலிசிலிக் அமிலக் களிம்பை வைத்தியரைக் கேளாமல் சிசுக்களுக்குப் பூசவே வேண்டாம். அவர்களது தோலூடாக அது இரத்தத்தில் கலந்து நஞ்சாகும்.

ஆசிரியர்களே! இப்பிள்ளையை ஜன்னல் ஓரத்தில், காற்றாடிக்குக் கீழே அமர்த்துங்கள். தண்ணீர்ப் போத்தலும் ஈரத் துணியும் வைத்திருக்க அனுமதியுங்கள். வெயிலில் ஓடச் சொல்லாதீர்கள். ஆனால் விளையாட்டில் இருந்து நீக்கியும் விடாதீர்கள். புள்ளி எழுதலாம், நடுவராக நிற்கலாம். முதல் வாரத்திலேயே வகுப்புக்கு விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரியவர்களை விட விரைவாக விளங்கிக் கொள்வர்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! ஸப்பில் அவர் அருகே இடைவெளி விழாமல் பாருங்கள். தனவந்தர்களே! களிம்பு வாங்க இயலாத ஏழை நோயாளிக்கு மாதாந்தம் அதை வாங்கிக் கொடுப்பது பெரிய ஸதகாவாகும். 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களுக்கும் அரிய நோய்களுக்கும் உலக நாடுகள் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் நமது ஊருக்கு வந்து சேரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மாணவனுக்கு இப்போது இருபது வயது கடந்து விட்டது. க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்து, நிழலும் காற்றாடியும் உள்ள ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். நோய் இன்னும் இருக்கிறது. இன்றும் காலையில் ஒரு மணித்தியாலம் களிம்புக்குச் செல்கிறது. ஆனால் அந்தத் துண்டு இப்போது அவரது சட்டைப் பையில் இல்லை.

அது எப்போது இல்லாமற் போனது என்று ஒரு நாள் கேட்டேன். ஊரில் நடந்த ஒரு கலியாண விருந்தைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. வழக்கம் போல ஸஹனில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். மற்ற ஸஹன்கள் நிறைந்தும் அவரைச் சுற்றியிருந்த ஐந்து இடங்களும் காலியாகவே இருந்தனவாம். எங்கள் பள்ளிவாசலின் வயது முதிர்ந்த முஅத்தின் வந்து, கையைக் கழுவி, அவர் எதிரே உட்கார்ந்து, "என்ன மகன் பார்த்துக்கொண்டு இருக்கிற, பிஸ்மி சொல்லு" என்று சோற்றைப் பிசைந்தாராம். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். பின்னர் ஸஹன் நிறைந்து விட்டதாம். "அன்டைக்கு வீட்ட போய் துண்டக் கிழிச்சிட்டன் மௌலவி" என்றார்.

அந்த முஅத்தின் தோல் நோய் பற்றி ஒரு வரியும் படித்தவரல்லர். அவரிடம் வைத்தியரின் கடிதத்தை எவரும் காட்டவுமில்லை. வாசகர்களே, அடுத்த முறை விருந்தில் எங்காவது ஒரு ஸஹனில் ஒருவர் தனியே அமர்ந்திருக்கக் கண்டால், அந்த இடம் உங்களுக்காகவே காலியாக இருக்கிறது என்று எண்ணிக் கொள்ளுங்கள். பாதி வழியில் நிற்கும் கைகளில் இருந்து நம் அனைவரின் கைகளையும் அல்லாஹ் காப்பாற்றுவானாக. ஆமீன்.